குளியலறைக் கதவின் காற்றுத் துளைகள்

1

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டு பேர் வந்து எங்கள் வீட்டின் எரிவாயு இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்கள். நிலவறையில் இருந்த மீட்டரைக் கழற்றினார்கள். குழாயின் வாயில் ஒரு மூடியைத் திருகி, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள். பிறகு வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒரு கையெழுத்து, குடியிருப்பவரான என்னிடம் ஒரு கையெழுத்து. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. என் கையெழுத்து கட்டத்தை விட்டு வெளியே போனதைப் பார்த்து, குளிருகிறதா என்று அவர்களில் ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

நாங்கள் ஜெர்மனியின் மேற்கே, ரூர் பகுதியில் இருக்கிறோம். வந்து பதினோரு வருஷமாகிறது. ஒரு காலத்தில் நிலக்கரியால் பிழைத்த ஊர் இது. சுரங்கமெல்லாம் மூடியாகிவிட்டது. என் கணவர் செந்தில் முன்பு பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் இருந்தார். இங்கேயும் பம்ப் வேலைதான். நான் வேதியியல் எம்.எஸ்சி. முடித்து, கோவையில் இரண்டு வருஷம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். இங்கே நூலகத்தில் பாதி நேர வேலை. மகள் இனியாவுக்குப் பதினாறு வயது.

சென்ற வருஷம் ஜனவரியில் அவளை நான் இழந்திருப்பேன். அதுவும் என் கையாலேயே. அன்னூரில் இருக்கும் அண்ணனைத் தவிர வேறு யாரிடமும் இதை நான் சொன்னதில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டேன். அதனால்தான் இப்போது உங்களுக்கும் எழுத முடிகிறது.

2

அன்று ஞாயிற்றுக்கிழமை. இனியாவுக்குப் பரீட்சை நேரம். ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லாமல் கண்ணெல்லாம் சிவந்து கிடந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் உடம்புச் சூடு தணியும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அவள் நிறைய விஷயங்களில் என்னை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து, நிலக்கரி வேண்டாம், எரிவாயு வேண்டாம் என்று பலகை பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவாள். வீட்டுக்கு வந்து என் கேஸ் அடுப்பை முறைத்துப் பார்ப்பாள்.

"இந்த ஒரு குளியலுக்கு எவ்வளவு கேஸ் எரியும்னு தெரியுமா அம்மா?"

"நீ ஊர்வலம் போறதுக்கு ஒடம்புல தெம்பு வேணும்ல. வந்து உக்காரு."

"அந்த அரப்பு மணம் ரெண்டு நாளைக்குப் போகாது. ஸ்கூல்ல எல்லாரும் என்னன்னு கேப்பாங்க."

"எங்கம்மா புடிச்சு உக்கார வெச்சுட்டாங்கன்னு சொல்லு."

"ஒரு தடவைதான். இந்த வருஷத்துக்கு இதோட சரி."

"சரீங்க அம்மணி."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். என்னைத் திருப்திப்படுத்துவதற்காகத்தான் உட்கார்ந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அரப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு மரத்து இலையைக் காயவைத்துப் பொடித்த தூள். எண்ணெயை நன்றாக இறக்கும். ஆனால் ஷாம்பூ போல இரண்டு நிமிஷத்தில் அலசிவிட முடியாது. தலையை மூன்று நான்கு தடவை தேய்க்க வேண்டும், அதுவரைக்கும் சுடுதண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் சுடுதண்ணீரும் அறைகளுக்குச் சூடும் தந்தது குளியலறைச் சுவரில் மாட்டியிருந்த பழைய கேஸ் ஹீட்டர். அது எரிவதற்கு வேண்டிய காற்றை அந்த அறையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். புகை, குழாய் வழியாகக் கூரைக்குப் போகும். அறைக்குக் காற்று வருவதற்காகவே கதவின் அடியில் நான்கு நீளத் துளைகள் இருந்தன. அவற்றை அடைக்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. வந்த புதிதில் அகராதி வைத்துக்கொண்டு நானேதான் அதைப் படித்துக் கணவருக்குச் சொன்னேன்.

எண்ணெய் தேய்த்த உடம்பில் குளிர்காற்றுப் பட்டால் சளி பிடிக்கும் என்று நம் ஊரில் சொல்லுவோம். கோயம்புத்தூர்க் காற்றுக்கே அப்படி. இங்கே வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கூடத்துக் குளிர் அந்தத் துளைகள் வழியாக உள்ளே போவதைக் காலில் உணர்ந்தேன். இனியா உள்ளே போய்த் தாழ் போட்டதும், எண்ணெய் துடைக்க வைத்திருந்த பழைய வேட்டியைக் கிழித்து, நான்கு துளைகளையும் வெளியிலிருந்து திணித்து அடைத்தேன். பிறகு சமையலறைக்குப் போய்க் கறிக்குழம்புக்கு வெங்காயம் வதக்க ஆரம்பித்தேன். வாடை வீடெல்லாம் பரவக் கூடாது என்று அடுப்புக்கு மேல் இருந்த உறிஞ்சு விசிறியை முழு வேகத்தில் போட்டேன். வீட்டில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. விசிறி வீட்டுக் காற்றையும், கதவிடுக்கு வழியாகக் குளியலறைக் காற்றையும் வெளியே இழுத்துக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் கூரைக்குப் போக வேண்டிய புகையும் குழாயிலிருந்து கீழே திரும்பியது.

தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "இனியா, போதும் கண்ணு" என்று ஒரு குரல் கொடுத்தேன். பதில் இல்லை. கோபம் என்று நினைத்தேன். திரும்பிப் போய்த் தேங்காய் அரைத்து ஊற்றினேன். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி பதில் இல்லை.

"ஏனுங்க, கொஞ்சம் இங்க வாங்க!"

இங்கத்துக் குளியலறைத் தாழை வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருப்பித் திறக்கலாம். செந்தில் திறந்தார். தொட்டியின் விளிம்பில் தலை சாய்ந்து கிடந்தாள். முடியெல்லாம் பச்சை நுரை. மூச்சு இருந்தது. துண்டைச் சுற்றி அவளைக் கூடத்துக்குத் தூக்கி வந்தார். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வீட்டு எண்ணைச் சொல்ல எனக்கு ஜெர்மன் வரவில்லை. செந்தில் போனைப் பிடுங்கிச் சொன்னார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வாசலில் கால் வைத்ததும் அவர்கள் பையில் தொங்கிய ஒரு சின்னக் கருவி கிறீச்சென்று அலறியது. "வெளியே! எல்லோரும் வெளியே!" என்று கத்தினார்கள். வெறுங்காலோடு பனியில் நின்றேன். அந்த அலறலைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. கார்பன் மோனாக்சைடு. நிறமற்றது, மணமற்றது, ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்வது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் போர்டில் எழுதிப்போட்ட வரிகள்.

3

ஆஸ்பத்திரியில் ஆறு மணி நேரம் பிராணவாயு முகமூடி வைத்தார்கள். மாலையில் கண் விழித்து, "குழம்பு தீஞ்சு போச்சா?" என்று தமிழில் கேட்டாள். செந்தில் வராந்தாவுக்குப் போய் அழுதார்.

மறுநாள் தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டார்: "கதவின் துளைகள் திறந்துதானே இருந்தன?"

"ஆமாம்" என்றேன்.

கதவைத் திறந்த வேகத்தில் துணி கீழே விழுந்திருந்தது. கால் தடுக்குமே என்று எடுத்து அழுக்குக் கூடையில் போட்டேன். எதையும் மறைக்கும் எண்ணம் அப்போது இல்லை. பிள்ளைக்கு என்னவென்றே தெரியாத நேரம். மறைத்தது மறுநாள்தான், அந்த ஒரு சொல்லில்.

ஏன் என்று கேட்டால், பயம். இந்த நாட்டில் பிள்ளைகள் நலனுக்கு என்று ஒரு அலுவலகம் உண்டு. பெற்றோரிடம் தவறு என்று தெரிந்தால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நம் ஆட்கள் கூடுமிடங்களிலெல்லாம் கதை கதையாகச் சொல்லுவார்கள். அதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. அப்போது எங்கள் குடியுரிமை விண்ணப்பமும் ஏதோ ஒரு அதிகாரியின் மேசையில் இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம், கட்டிலில் என் பெண் கிடக்கிறாள், கையில் கோப்போடு ஒருவர் நிற்கிறார் என்பதுதான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அறிக்கை வந்தது. புகைபோக்கியில் இழுவை போதவில்லை, காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஹீட்டரை இனிப் பயன்படுத்தக் கூடாது. அவ்வளவுதான். யார் மேலும் குற்றம் இல்லை. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

வீட்டுச் சொந்தக்காரரை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

4

அவர் பெயர் கோவால்ஸ்கி. எழுபத்தெட்டு வயது. மனைவி இறந்தபின் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவருடைய தாத்தாவும் போலந்துப் பக்கத்திலிருந்து இந்த நிலக்கரிக்காகவே வந்தவராம். ரஷ்யாவிலிருந்து எரிவாயு வருவது நின்றுபோன பிறகு, செலவு குறையட்டும் என்று வீட்டுக்குப் புது ஜன்னல்கள் போட்டார். காற்றுப் புகாத இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள். அவற்றால்தான் வீட்டுக்குள் காற்று வருவது நின்று, புகை திரும்பியது என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

இனியா வீடு திரும்பிய அன்று மேலே வந்தார். கையில் ஒரு கேக். அதை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"சுரங்கத்தில் காற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் முப்பது வருஷம் உயிரோடு இருந்தேன். என் சொந்த வீட்டில் பார்க்காமல் விட்டேன்" என்றார்.

கேக் வெட்டக் கத்தி எடுத்து வருகிறேன் என்று நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

பழைய ஹீட்டருக்கு உடனே சீல் வைத்துவிட்டார்கள். சமையலுக்கும் மின்சார அடுப்பு வந்தது. வீட்டைச் சூடாக்க ஹீட் பம்ப் போடுவது என்று கோவால்ஸ்கி முடிவெடுத்தார். வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் மின்சாரத்தால் இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் இயந்திரம் அது. "அதுவும் ஒரு பம்புதானே" என்று செந்திலுக்கு ஒரே பெருமை. அதற்கு அரசாங்க உதவி வாங்க எத்தனை படிவங்கள்! ஒரு அலுவலகத்தில் வீட்டின் சுவர் தடிமன் கேட்டார்கள். இன்னொன்றில் பக்கத்து வீட்டுப் படுக்கையறை எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று கேட்டார்கள். அந்தக் கிழவர் ஒவ்வொரு காகிதத்தையும் பரிகாரம் செய்வது போல நிரப்பினார். மாதங்கள் ஓடின. அதுவரை ஒரு மின்சாரக் கீசரும் இரண்டு சின்ன ஹீட்டர்களுமாகச் சமாளித்தோம்.

இனியா பள்ளியில் இதைப் பற்றிப் பேசினாள். எரிவாயு தன்னைக் கொல்லப் பார்த்தது என்று பேசினாள். கை தட்டினார்களாம். அவள் பேசியதில் பொய் இல்லை. பாதி விஷயம் அதில் இல்லை, அவ்வளவுதான். எனக்கோ எரிவாயுவை முழுக்கத் திட்டவும் மனம் வரவில்லை. பருத்திச் செடியின் காய்ந்த குச்சியான பருத்திமாரை எரித்துச் சமைத்துக் கண்ணெல்லாம் புகைந்துபோன என் அம்மா, முதல் சிலிண்டர் வந்த அன்று அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். அதன் பிறகு அவருக்கு இருமல் நின்றது. இதை இனியாவிடம் சொன்னபோது, "அது அப்போ, அம்மா" என்றாள். அவள் சொன்னதும் சரிதான்.

டிசம்பரில் கோவால்ஸ்கி ஒரு செய்தி சொன்னார். ஹீட் பம்ப் வேலை முடிந்ததும் வீட்டை விற்றுவிட்டு, முதியோர் இல்லத்தில் சேரப்போகிறார். நாங்கள் பதறினோம். புது உரிமையாளரும் எங்களை இருக்கவிடுவார், எழுதி வாங்கித் தருகிறேன் என்றார்.

"அதற்கில்லை. நீங்கள் ஏன் போக வேண்டும்?" என்று செந்தில் கேட்டார்.

"ஒரு குழந்தையைக் கொல்லப் பார்த்தவன் வீடு வாடகைக்கு விடக் கூடாது. நான் தூங்கி ஒரு வருஷம் ஆகிறது."

அன்றைக்கே அண்ணனுக்கு வீடியோவில் போன் செய்தேன்; துணி விஷயம் முன்பே தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அண்ணன் பழனிச்சாமி தோட்டத்தில் இருந்தார். பின்னால் அவருடைய சோலார் தகடுகள் வெயிலில் மின்னின. கிணற்று மோட்டார் இப்போது அதில்தான் ஓடுகிறது. முன்பெல்லாம் எப்போது கரண்ட் வரும் என்று காத்துக் கிடப்பார். இப்போது பொழுதோடு எழுந்து பொழுதோடு படுக்கிறாராம். "சூரியன் நமக்குச் சம்பளமில்லாத ஆளு கண்ணு, என்ன, வானம் மோடம் போட்டா லீவு எடுத்துக்கும்" என்று சிரித்தார்.

கோவால்ஸ்கி வீட்டை விற்கப்போவதை நான் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"ஏங்கண்ணு, நீ இன்னுமா சொல்லாம வெச்சிருக்கற?"

"பயமா இருக்குங்ணா. புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னா?"

"பதினேழு ஆகப்போற புள்ளைய எங்க கூட்டிட்டுப் போறாங்க? அவளே உங்களக் கூட்டிட்டுப் போயி அந்த ஆபீசுல உட்டுப்போட்டு வருவா."

"வெளையாடாதீங்ணா."

"வெளையாடல. நீ துணியத் திணிச்சது தெரியாமச் செஞ்சது. இது தெரிஞ்சு செய்யறது. அந்த மனுசன் ஊட்ட வித்துப்போட்டுப் போயிட்டாருன்னா, அப்பறம் யாருகிட்டச் சொல்லுவ? எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? நானென்ன அவரா?"

5

ஹீட் பம்ப் ஓட ஆரம்பித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மீட்டர்காரர்கள் போன பிறகு, மதியம் வேறு ஒருவர் வந்து குளியலறையில் சீல் வைத்திருந்த ஹீட்டரைக் கழற்றிக்கொண்டு போனார். சுவரில் நான்கு ஆணித் துளைகளும், சிமெண்ட் பூசிய ஒரு வட்டமும் மிஞ்சின. கோவால்ஸ்கி பார்க்க வந்தார். இனியா பள்ளியிலிருந்து வந்து அவள் அறையில் இருந்தாள். செந்தில் வேலையில்.

கோவால்ஸ்கி சிமெண்ட் வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "முடிந்தது. என்னை மன்னித்துவிடுங்கள்" என்றார்.

ஒரு வருஷத்தில் எத்தனையாவது தடவையோ. இந்த மனிதர் சாகும்வரை இப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பார் என்று தோன்றியது.

"நான் அடைத்தேன்" என்றேன்.

"என்ன?"

"கதவின் துளைகளை. நான்தான். துணியால். நான்கையும். அவர்கள் கேட்டபோது பொய் சொன்னேன்."

என் ஜெர்மன் இலக்கணம் அத்தனையும் உதிர்ந்துவிட்டது. ஆனாலும் அவருக்குப் புரிந்தது. தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். குனிந்து கதவின் துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"துணி எவ்வளவு தடிமன்?"

"பழைய பருத்தி வேட்டி. மடித்து."

"நான்கையுமா? விசிறி ஓடியதா?"

"முழு வேகத்தில்."

அவர் முகம் சிவந்தது. எழுந்தார். "ஒரு வருஷம்!" என்று கத்தினார். "மேலும் கீழுமாக ஒரே வீட்டில்! தினமும் எனக்குக் காலை வணக்கம் சொன்னீர்கள்! சுரங்கத்தில் ஒருவன் காற்றுக் கதவை அடைத்துவிட்டு வாய் மூடிக்கொண்டிருந்தால் என்ன செய்வோம் தெரியுமா?" என்ன செய்வார்கள் என்று சொல்லாமலே கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

திரும்பினேன். இனியா நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, நீயா?"

"ஆமா கண்ணு."

"எதுக்கு?"

"உனக்குச் சளி புடிக்குமேன்னு."

அவள் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றை ஒன்று தள்ளின. "சளி!" என்றாள். "சளிக்குப் பயந்து என்னைக் கொல்லப் பாத்தியா? நான் ஸ்கூல்ல இருநூறு பேர் முன்னாடி அவரோட ஹீட்டரைத் திட்டினேன். அவர் ஜன்னலையும் திட்டினேன். நீ கேட்டுட்டுச் சும்மா இருந்த."

"இருந்தேன்."

"அப்பாவுக்கு?"

"தெரியாது. இன்னைக்குச் சொல்லிப்போடறேன்."

கட்டிப்பிடிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் செய்யவும் இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் கீழே இறங்கிப் போனாள். கோவால்ஸ்கியின் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து மேலே வந்து, "அவர் மறுபடி ஒரு தடவை கத்தணுமாம். நாளைக்கு வருவார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குப் போனாள்.

மாலையில் செந்தில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் அப்பவே கேட்டிருக்கணும். அந்த வேட்டி எங்கன்னு தேடுனேன்" என்றார். ஒரு தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்தார்.

6

புதன்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. கோவால்ஸ்கி. சவரம் செய்து, சட்டை மாற்றியிருந்தார். உள்ளே வாருங்கள் என்றேன். வர மறுத்துவிட்டார்.

தீயணைப்புத் துறைக்கு நானே எழுதி ஒப்புக்கொள்கிறேன், அலுவலகங்கள் என்ன செய்தாலும் சரி என்றேன். எழுதுங்கள், உங்கள் ஜெர்மனில் எழுத வேண்டாம், இனியாவை எழுதச் சொல்லுங்கள் என்றார். வேறு வீடு பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"உங்கள் மேல் எனக்கு ரொம்பக் கோபம். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

"நியாயம்தான்."

"ஈஸ்டர் வரைக்கும் இருக்கும். அதற்குப் பிறகும் இருக்கலாம்."

"இருக்கட்டும்."

திரும்பி இரண்டு படி இறங்கியவர் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், ஏதோ தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்:

"நேற்று ஒன்பது மணிக்குப் படுத்தேன். காலை ஏழு மணிக்குத்தான் கண் விழித்தேன். வெறும் கோபத்தோடு படுத்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது."